மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: எந்த எண்ணுக்கு எந்தச் சொல்?

7,21,47,030. தமிழ்நாட்டில் 2011-இல் எண்ணப்பட்ட தலைகள் இத்தனை. இந்த ஒரே எண்ணைச் செய்தியிலும் தேர்வுக் கையேட்டிலும் பள்ளிக் கட்டுரையிலும் தேடிப் பாருங்கள். "மக்கள்தொகை", "மக்கள்தொகை எண்ணிக்கை", "சனத்தொகை மதிப்பீடு", "மக்கள்தொகைக் கணிப்பு" என்று நாலு பெயரில் வரும். சில இடங்களில் "தமிழகத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 7.21 கோடி" என்றும் இருக்கும். கடைசியாகச் சொன்னது தப்பு. மதிப்பீடும் கணிப்பும் வேறு எண்களுக்கு உரிய பெயர்கள்.

செய்தி எழுதவும் மொழிபெயர்க்கவும் புள்ளிவிவரம் எடுத்தாளவும் புதிதாக வருகிறவர்களுக்காக, இந்தச் சொற்களைக் கையாளும் முறை இங்கே படிப்படியாக இருக்கிறது.

படி 1: தொகை வேறு, கணக்கெடுப்பு வேறு

மக்கள்தொகை என்பது எண். கணக்கெடுப்பு என்பது அந்த எண்ணைக் கண்டுபிடிக்க நடக்கும் வேலை. சந்தேகம் வந்தால் வினைச்சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். மக்கள்தொகை கூடும், குறையும், பெருகும். கணக்கெடுப்பு நடக்கும், தள்ளிப்போகும், முடியும். "கணக்கெடுப்பு 15 சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால், 15 சதவீதம் அதிகமாக வேலை நடந்தது என்றுதான் பொருள்.

சரியான வாய்பாடு சின்னது: "2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030." வேலையின் பெயர் ஒரு முறை, எண்ணின் பெயர் ஒரு முறை. அந்த "இன்படி" இருந்தாலே பாதிப் பிழை போய்விடும்.

கூடவே மூன்று சில்லறைத் திருத்தங்கள்:

"மக்கள்தொகை எண்ணிக்கை" வேண்டாம். தொகை என்றாலே கூட்டி வந்த எண்தான். "நடு சென்டர்" என்பது போல இது.

"கணக்கெடுப்பு எடுக்கப்பட்டது" வேண்டாம். சொல்லுக்குள்ளேயே "எடு" இருக்கிறது. "கணக்கெடுப்பு நடந்தது" அல்லது "கணக்கெடுக்கப்பட்டது" போதும்.

"மக்கள்தொகைக் கணக்கெடுப்பு", "சாதிவாரிக் கணக்கெடுப்பு" இரண்டிலும் க் மிகும். தலைப்பில் இடமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்த ஒற்றுதான், செய்தியின் உள்ளேயாவது இருக்கட்டும். "மக்கள் தொகை" என்று பிரித்து எழுதுவதைவிடச் சேர்த்து எழுதுவது நல்லது. அது ஒரே பொருளைச் சொல்லும் ஒரே சொல்.

பழைய ஆவணம் படிக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொற்கள் எதிர்ப்படும். ஒன்று கானேஷுமாரி. "வீடு எண்ணுதல்" என்ற பொருளில் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. மற்றது குடிமதிப்பு. இது அழகான சொல் என்பதோடு மூலத்துக்கும் நெருக்கமானது. ரோமாபுரியில் சென்சஸ் என்றது தலையை மட்டும் எண்ணுவதை அன்று. ஆளையும் சொத்தையும் சேர்த்து மதிப்பிட்டு, வரியும் படைக்கடமையும் குறிப்பதை. அந்த லத்தீன் வினையின் பொருளே மதிப்பிடுவதுதான். தமிழ்நாட்டில் குடிமதிப்பு வழக்கொழிந்துவிட்டது. பேச்சில் இன்றும் "சென்சஸ்" என்கிறோம். "சென்சஸ் டூட்டி" என்று ஆசிரியர்கள் சொல்வதை மாற்ற யாராலும் முடியாது, மாற்றவும் வேண்டாம்.

படி 2: எண் எப்படி வந்தது என்று பார்த்துப் பெயரிடுங்கள்

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நிதானமாகப் பார்க்கலாம். நான்கு வகை எண்கள் இருக்கின்றன.

கணக்கெடுப்பு: ஒருவர் விடாமல் எண்ணுவது. குறித்த பரப்புக்குள், குறித்த நேரத்தில், ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே பதிவது.

மாதிரி ஆய்வு: சில வீடுகளை முறைப்படி தேர்ந்தெடுத்துக் கேட்டு, மொத்தத்துக்கும் பொருத்திச் சொல்வது. சர்வே என்றும் எழுதலாம்.

மதிப்பீடு: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு போன்ற கிடைக்கும் தரவுகளை வைத்து ஓர் ஆண்டின் தொகையைக் கணக்குப் போட்டுச் சொல்வது.

முன்கணிப்பு: அதே கணக்கை வருங்காலத்துக்கு நீட்டுவது. "கணிப்பு" என்ற சொல் இதற்கே உரியது. கருத்துக்கணிப்பு, வானிலைக் கணிப்பு எல்லாம் இந்தக் குடும்பம். தலையை எண்ணி முடித்த வேலையைக் "கணிப்பு" என்று எழுதாதீர்கள்.

குழப்பம் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2021 நவம்பரில் "இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள்" என்ற செய்தி பரவியது. அது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் முடிவு. ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளில் நடந்த மாதிரி ஆய்வு அது. 2011 கணக்கெடுப்பில் அதே விகிதம் 943. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் "பத்தாண்டில் பெண்கள் இவ்வளவு கூடிவிட்டார்கள்" என்று கோடு போட்டால் கணக்கு பிழைக்கும். எண்ணும் முறை வேறு. வேலைக்காக வெளியூரில் தங்கும் ஆண்களும் விடுதியில் இருப்பவர்களும் வீட்டு ஆய்வில் எளிதாக நழுவுவார்கள்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் மாத இறுதிக்குள் இந்தியாவின் மக்கள்தொகை 142,57,75,850 ஆகும் என்று ஐ.நா. சொன்னது. கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருப்பதால் யாரோ எண்ணிவிட்டு வந்தது போலத் தோன்றும். அது முழுக்க முன்கணிப்பு. இதைப் போன்ற எண்ணை "ஏறத்தாழ 142.6 கோடி என ஐ.நா. கணிப்பு" என்று சுருக்கி எழுதுங்கள். கடைசி 850 பேரைச் சுமந்து திரிய வேண்டியதில்லை.

விலங்குகளுக்கும் இதே விதி. கால்நடைக் கணக்கெடுப்பு உண்மையிலேயே வீடு வீடாகப் போய் எண்ணுவது. 2019-இல் நடந்தது 20-ஆவது. புலிகளை அப்படி எண்ண முடியாது. தானியங்கிக் கேமராவில் பதிந்த புலிகளின் உடல்வரிகளை வைத்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். 2022 சுற்றில் வந்த 3,682 ஒரு வீச்சின் சராசரி. "புலிகள் கணக்கெடுப்பு" என்ற பெயர் வேரூன்றிவிட்டது, போகட்டும். ஆனால் உள்ளே எழுதும்போது "3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது" என்று வரவேண்டும்.

படி 3: எந்த நாள், எந்த நேரம் என்று கேளுங்கள்

மக்கள்தொகை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. ஆகவே ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு குறிப்பு நேரம் உண்டு. 2011-க்கு அது மார்ச் 1, 00:00 மணி. இதை "மார்ச் 1 நள்ளிரவு" என்று எழுதினால், மார்ச் 1 முடியும் இரவா, தொடங்கும் இரவா என்று வாசகர் திணறுவார். "பிப்ரவரி 28 இரவு முடிந்து மார்ச் 1 பிறக்கும் நேரம்" என்று எழுதுங்கள்.

நடைமுறை இப்படி. கணக்கெடுப்பாளர் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போனார். 28 இரவு வீடில்லாதவர்களைத் தெருவிலும் ரயில் நிலையத்திலும் பாலத்தடியிலும் எண்ணினார்கள். மார்ச் 1 முதல் 5 வரை திருத்தச் சுற்று. பிப்ரவரி 14 அன்று ஒரு வீட்டில் ஐந்து பேர் எழுதப்பட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 25-ஆம் தேதி அந்த வீட்டுப் பாட்டி இறந்துபோனார். திருத்தச் சுற்றில் அவர் பெயர் அடிக்கப்படும். 28 இரவு 11.50-க்குப் பிறந்த பேத்தி சேர்க்கப்படுவாள். 12.10-க்குப் பிறந்திருந்தால் சேர்க்கப்பட மாட்டாள், அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தச் சுற்றைப் பற்றித் தெரியாமல், "பிப்ரவரியில் எடுத்ததை மார்ச் கணக்கு என்கிறார்களே" என்று குறைசொல்லிக் கட்டுரை எழுதியவர்கள் உண்டு.

1931 வரை இது ஒரே இரவு வேலையாக இருந்தது. நாடு முழுவதும் ஒரே இரவில், ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கேயே எண்ணிவிடுவார்கள். 1941 முதல் நாள்கள் நீண்டன. வழக்கமாக வசிக்கும் இடத்தில் எண்ணுவார்கள். கணக்கெடுப்புக் காலம் முழுக்க ஊரில் இல்லாதவரை எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணுவார்கள். திருப்பூரில் வேலைபார்க்கும் மகனைத் திண்டுக்கல் வீட்டிலும் சேர்த்து எழுதச் சொல்லும் பெற்றோர் உண்டு. அப்படி எழுதினால் அவர் இரண்டு முறை எண்ணப்படுவார். ரேஷன் அட்டையில் பெயர் எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

வரலாற்று ஆண்டுகளிலும் கவனம் வேண்டும். இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு 1872 என்று எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கும். அது நாடெங்கும் ஒரே நாளில் நடந்தது அன்று. சென்னை மாகாணத்தில் அது 1871-லேயே நடந்தது. அதைப் பற்றி கார்னிஷ் என்ற அதிகாரி எழுதிய அறிக்கை 1874-இல் வந்தது. ஒரே சமயத்தில் நாடு முழுவதும் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881. "முதல்" என்று எழுதும்போது எந்த முதல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். 1872-ஐ முதலாகக் கொண்டால்தான் 2011 பதினைந்தாவதாகும்.

படி 4: ஆள், குடும்பம், வீடு மூன்றையும் கலக்காதீர்கள்

கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ரத்த உறவைச் சொல்வதன்று. சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி ஒரே கூரையின்கீழ் இருந்தும் தனித்தனி உலை வைத்தால் அவை இரண்டு. நான்கு நண்பர்கள் வாடகை வீட்டில் சேர்ந்து சமைத்தால் அது ஒன்று. விடுதி, சிறை, முதியோர் இல்லம் போன்றவை நிறுவனக் குடும்பம் என்ற தனி வகை. இந்த எல்லாவற்றுக்கும் "குடித்தனம்" என்ற நம் பழைய சொல் கச்சிதமாகப் பொருந்தும். "மேல் வீட்டில் இரண்டு குடித்தனம்" என்று சொல்வதில்லையா, அதேதான். அரசுப் படிவம் "குடும்பம்" என்கிறது. விளக்கி எழுதும் இடத்தில் குடித்தனத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வீடு இன்னும் வம்பு. கணக்கெடுப்பில் "வீடு" என்பது தனி வாசல் உள்ள எந்த அலகும்தான். கடை, கோயில், பூட்டிக் கிடக்கும் ஃபிளாட், கிடங்கு எல்லாமே எண்ணப்படும். 2011-க்கான வீட்டுப்பட்டியலில் (தலையெண்ணும் முன் கட்டடங்களைப் பட்டியலிடும் முதல் கட்டத்தில்) இந்தியாவில் இப்படி 33.08 கோடி "வீடுகள்", குடும்பங்கள் 24.67 கோடி. இதைப் பார்த்து "8 கோடி வீடுகள் உபரி" என்று கணக்குப் போட்டால், டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆட்களைக் குடியேற்ற வேண்டிவரும். மொழிபெயர்க்கும்போது "கணக்கெடுப்பு வீடு" அல்லது "கட்டட அலகு" என்று வையுங்கள். வெறுமனே "வீடு" வேண்டாம்.

களத்தில் இருப்பவர்களின் சொற்கள்: ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒரு கணக்கெடுப்புத் தொகுதி, ஏறத்தாழ 650 முதல் 800 பேர். ஆறு கணக்கெடுப்பாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். இங்கே வரும் "தொகுதி"யைச் சட்டமன்றத் தொகுதி என்று புரிந்துகொண்டு "ஒரு தொகுதிக்கு ஒரே கணக்கெடுப்பாளர்" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். "பிளாக்" என்று எழுதினால் ஊராட்சி ஒன்றியம் என்று புரிந்துகொள்ளும் ஆபத்து. "கணக்கெடுப்பு" என்ற முன்னொட்டோடு எழுதுவதே பாதுகாப்பு.

1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது கடமை. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கணவன் பெயரைச் சொல்ல எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்த முடியாது. புருஷன் பேரை வாயால் சொல்லாத வழக்கத்துக்குச் சட்டப் புத்தகமே இடம் கொடுத்திருக்கிறது. 15-ஆம் பிரிவின்படி, தனி ஆளின் விவரத்தை யாரும் போய்ப் பார்க்க முடியாது. நீதிமன்றத்தில் சான்றாகவும் காட்ட முடியாது. ஆகவே "கணக்கெடுப்பில் இன்னார் இப்படிப் பதிந்திருக்கிறார்" என்று பெயர் குறித்து வரும் செய்தி எதையும் சந்தேகியுங்கள்.

படி 5: தற்காலிகமா, இறுதியா?

கணக்கெடுப்பு முடிந்ததும் முதலில் தற்காலிக எண்கள் வரும். இறுதி எண்கள் பின்னால் வரும். இணையத்தில் இரண்டும் இன்றும் கலந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டுக்கு 2011 மார்ச் இறுதியில் வந்த தற்காலிக எண் 7,21,38,958; இறுதி எண் 7,21,47,030. எட்டாயிரம் பேர் வித்தியாசம் பெரிதில்லை. விகிதங்களில்தான் இடறும். பாலின விகிதம் 995-இலிருந்து 996 ஆனது. 0 முதல் 6 வயதுக் குழந்தைகளின் பாலின விகிதம் 946-இலிருந்து 943 ஆகக் குறைந்தது. எழுத்தறிவு 80.33-இலிருந்து 80.09 ஆனது. ஒரு கட்டுரையில் 946-ஐயும் இன்னொரு வரியில் 996-ஐயும் போட்டால், ஒன்று தற்காலிகம், ஒன்று இறுதி என்று தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். எந்த எண்ணை எடுத்தாலும் அதே வரிசையிலிருந்து மற்றதையும் எடுங்கள்.

படி 6: எல்லை அன்றைக்கு எது?

சென்னையின் மக்கள்தொகை என்ன? 2011-க்கே இரண்டு சரியான பதில்கள் உண்டு. அன்றைய சென்னை மாவட்டம்: 46,46,732. புறநகரும் சேர்ந்த சென்னைப் பெருநகரத் திரள்: 86,53,521. போதாக்குறைக்கு, கணக்கெடுப்பு முடிந்த பிறகு அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மாவட்ட எல்லை 2018-இல் மாறியது. பழைய எல்லையின் 46 லட்சத்தைப் புதிய பரப்பால் வகுத்து அடர்த்தி சொன்னால், நெரிசலான சென்னை திடீரென்று காற்றோட்டமான ஊராகிவிடும்.

மாவட்டங்களிலும் இதே கதை. 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் 2011 அட்டவணையில் மாவட்டமாக இல்லை. அவற்றுக்கு "2011 மக்கள்தொகை" என்று எங்கேனும் கண்டால், அது வட்டங்களைக் கூட்டிப் பின்னால் சேர்த்த எண். பயன்படுத்தலாம், "இன்றைய எல்லைப்படி" என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும்.

இலங்கையில் இந்தப் பிழை இன்னும் கனமான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். 1981-இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை 8,30,552. 2012-இல் 5,83,882. அப்படியே கழித்தால் ஏறத்தாழ 2.47 லட்சம் குறைவு. ஆனால் 1981-இன் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் இருந்தது. 1984-இல் அது தனி மாவட்டமானது. 2012-இல் கிளிநொச்சியின் 1,13,510 பேரைச் சேர்த்தால் 6,97,392. உண்மையான குறைவு 1.33 லட்சம். போரும் இடப்பெயர்வும் விளைத்த இழப்பைச் சொல்ல இந்தச் சரியான எண்ணே போதும். பெருக்கிச் சொன்னால், மறுக்க நினைப்பவருக்கு நாமே வழி திறந்துவிட்டதாகும்.

படி 7: விகிதத்தின் அடி எண்ணைப் பாருங்கள்

பாலின விகிதம்: இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள். இலங்கையிலும் பெரும்பாலான நாடுகளிலும் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள். தலைகீழ். 2011 தமிழ்நாட்டில் ஆண்கள் 3,61,37,975, பெண்கள் 3,60,09,055. நம் முறையில் 996. மற்ற முறையில் 100.4. இலங்கையின் 2012 விகிதம் 93.8. இதை 938 என்று மாற்றி "இலங்கையில் பெண்கள் குறைவு" என்று எழுதினால் நேர் எதிரான பொய். அங்கே பெண்களே அதிகம்.

எழுத்தறிவு: மொத்த மக்கள்தொகையில் கணக்கிடுவதன்று, 1991 முதல் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மட்டும். ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதும், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. ஆகவே "கல்வியறிவு" என்பதைவிட "எழுத்தறிவு" பொருந்தும். 80.09 சதவீதத்தை 7.21 கோடியால் பெருக்கி "இத்தனை பேர் படித்தவர்கள்" என்று எழுதினால், தொட்டில் குழந்தைகளும் அதில் சேர்ந்துவிடுவார்கள்.

வளர்ச்சி: 2001-இல் 6,24,05,679, 2011-இல் 7,21,47,030. கூடியது 97,41,351, அதாவது 15.61 சதவீதம். இது பத்தாண்டு வளர்ச்சி. பத்தால் வகுத்து "ஆண்டுக்கு 1.56" என்பதும் சரியில்லை, வட்டிக்கு வட்டி போலக் கூடுவதால் ஆண்டு விகிதம் ஏறத்தாழ 1.46.

நகரம்: நகராட்சி, பேரூராட்சி என்ற அந்தஸ்து இருந்தால் நகரம். இல்லாவிட்டாலும் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களில்) குறைந்தது 75 சதவீதம் விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்றும் சேர்ந்தால் அது கணக்கெடுப்பு நகரம். நிர்வாகத்தில் ஊராட்சி, அட்டவணையில் நகரம். தமிழ்நாட்டின் 48.4 சதவீத நகர மக்களில் இவர்களும் உண்டு.

தாய்மொழி: 2011-இல் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6,90,26,881 பேர். இது தமிழ் தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஆகாது. குழந்தையாக இருந்தபோது தாய் பேசிய மொழி எதுவோ, அதற்கான எண். இரண்டாம், மூன்றாம் மொழிக்குத் தனிக் கேள்வி உண்டு.

படி 8: சட்டப் பெயர்களைக் கலக்காதீர்கள்

"குடிமக்கள் கணக்கெடுப்பு" என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். கணக்கெடுப்பு குடியுரிமை பார்ப்பதில்லை. நாட்டுக்குள் வாழும் வெளிநாட்டவரையும் எண்ணும். தேசிய மக்கள்தொகைப் பதிவேடு வேறு. அது குடியுரிமைச் சட்டத்தின் 2003 விதிகளில் வருவது. தேசியக் குடிமக்கள் பதிவேடு அதிலிருந்தும் வேறு. மக்கள்தொகைப் பதிவேடு 2010-இல் வீட்டுப்பட்டியலோடு சேர்த்து எடுக்கப்பட்டதால் கணக்கெடுப்போடு ஒட்டிக்கொண்டது. கணக்கெடுப்பு பெயரே வெளியே வராத எண்ணிக்கை. மற்ற இரண்டும் பெயர்ப் பட்டியல்கள். கதவைத் தட்டும் ஊழியரிடம் மக்கள் பயப்படுவதற்கு இந்தப் பெயர்க்குழப்பமும் ஒரு காரணம். ஆகவே இந்த இடத்தில் அசட்டை கூடாது.

சாதிவாரிக் கணக்கெடுப்பில் சொல்லே வழக்காகிறது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி கணக்கெடுப்பு ஒன்றிய அரசுக்கு உரியது. அதனால் பீகார் அரசு வீடு வீடாகப் போய் 13.07 கோடிப் பேரைப் பதிந்தும், அதைச் சாதிவாரி "ஆய்வு" என்றே பெயரிட்டு 2023 அக்டோபர் 2-இல் வெளியிட்டது. முறையில் அது முழு எண்ணிக்கை, சட்டத்தில் ஆய்வு. படி 2-இல் சொன்ன இலக்கணத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. அரசு வைத்த பெயரை எழுதி, எல்லா வீடுகளிலும் நடந்தது என்று ஒரு வரி சேர்ப்பதே முறை. 2011-இல் ஒன்றிய அரசு நடத்திய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பும் 1948 சட்டத்தின்கீழ் நடந்தது அன்று. அனைத்துச் சாதிகளின் எண்ணிக்கையும் முழுமையாக வெளிவந்த கடைசிக் கணக்கெடுப்பு 1931.

தொகுதி மறுவரையறை பற்றி எழுதுகிறவர்கள் அரசமைப்பின் 81-ஆம் உறுப்பின் விளக்கத்தைப் படிக்க வேண்டும். "மக்கள்தொகை" என்பது, எண்கள் வெளியான கடைசிக் கணக்கெடுப்பில் கண்ட தொகை. எண்ணி முடித்தால் போதாது, வெளியிட்டிருக்க வேண்டும். மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைப் பகிர்வதற்கு இன்னும் 1971 எண்களே நடைமுறையில் இருக்கின்றன; தமிழ்நாட்டின் 39 இடங்கள் அந்தக் கணக்கில் நிற்பவை. 84-ஆம் திருத்தம் அதை 2026-க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை உறைய வைத்தது.

இலங்கைத் தமிழில்

அங்கே கணக்கெடுப்பு "தொகைமதிப்பு". துறையின் பெயரிலேயே அது இருக்கிறது: தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களம். மக்கள்தொகை "சனத்தொகை" அல்லது "குடித்தொகை". நடப்பது "குடிசன, வீட்டு வசதிகள் தொகைமதிப்பு". குடிமதிப்பின் "மதிப்பு" அங்கே உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்காக எடுத்தெழுதும்போது "குடிசன மதிப்பீடு" என்பதை மதிப்பீடு என்றே விட்டால், எண்ணாமல் தோராயமாகச் சொன்னதாகப் பொருள் மாறிவிடும். "கணக்கெடுப்பு" என்று மாற்றுங்கள். மறுபக்கமும் அப்படியே. அங்கே இலக்கங்கள் 20,359,439 என்று மூன்று மூன்றாகப் பிரியும், நமக்கு 2,03,59,439. ஒரு மில்லியன் பத்து லட்சம். காற்புள்ளியை மட்டும் மாற்றி இலக்கத்தை விட்டுவிடும் பிழை அச்சில் அடிக்கடி நடக்கிறது, மாற்றியபின் இலக்கங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 2001 தொகைமதிப்பு 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே முழுமையாக நடந்தது. அதை நாட்டின் மொத்தமாக எழுதக் கூடாது.

2027-க்காக

2025 ஜூன் 16 அறிவிக்கையின்படி இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நேரம் 2027 மார்ச் 1, 00:00 மணி. லடாக்குக்கும், ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதி, இமாசலம், உத்தராகண்ட் மாநிலங்கள் ஆகியவற்றின் பனிப் பகுதிகளுக்கும் 2026 அக்டோபர் 1. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனதால், "2021 கணக்கெடுப்பின்படி" என்று தொடங்கும் எந்த இந்திய எண்ணும் கணக்கெடுப்பு எண் ஆகாது. பெரும்பாலும் அது 2011-ஐ அடியாக வைத்த முன்கணிப்பு. தமிழ்நாட்டுக்கு 2021-இல் 7.64 கோடி என்பது அந்த வகை. புதிய எண்கள் வரும்போது முதலில் வருபவை தற்காலிகமானவை. "2027 கணக்கெடுப்பின் தற்காலிக எண்களின்படி" என்று எழுதி வைத்து, இறுதி எண் வந்த அன்று அதே கோப்பைத் திறந்து "தற்காலிக"வை நீக்கும்போது எண்ணையும் சேர்த்து மாற்றுங்கள்.